ரிலீவர் வரும் வரை

நான் ஈக்களின் தூக்கத்தை ஆராய்ச்சி செய்கிறேன். இதை நெய்வேலியில் யாரிடம் சொன்னாலும் முதலில், "அதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்களா?" என்பார்கள். கொடுக்கிறார்கள் என்றால், ஈ தூங்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அது உண்மையிலேயே நல்ல கேள்வி. என் முனைவர் பட்டத்தில் பாதி அதில்தான் கிடைத்தது.

வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. அதன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டறையில் அடைத்து வைத்தாலும் விடிந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும். நமக்குள்ளும் அதே மாதிரி ஒன்று ஓடுகிறது. அதைக் கண்டபடி திருப்பினால் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்ப்பது என் வேலை. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஊரில் உட்கார்ந்து பார்க்கிறேன். இரவும் பகலும் மாறி மாறி உழைப்பது உடம்புக்குக் கேடு என்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அதே சமயத்தில் என் மகள் நெய்வேலியில், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் இரண்டு பேரிடம் வளர்ந்துகொண்டிருந்தாள். இதை ஆய்வகத்தில் யாரிடமும் நான் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த இரண்டு பேர் என் அப்பாவும் அம்மாவும். அப்பா சுரங்கத்தில் பக்கெட் வீல் ஆபரேட்டர். நாலைந்து மாடி உயரத்துக்கு நிற்கும் இயந்திரம். பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கட்டி நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வாரி வாரிப் போடும். அம்மா டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருக்கும் ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் சர்வீஸ் பாக்கி இருந்தது. அம்மாவை எங்கள் குடியிருப்பு பிளாக் முழுவதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அதைக் கேட்டுக் கேட்டு என் மகளும் தன் பாட்டியை சிஸ்டர் என்றே கூப்பிட்டாள். யாரும் திருத்தவில்லை. அம்மாவுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அப்பாவைப் பொறுத்தவரை ஜெர்மனி என்பது ஸ்பேர் பார்ட்ஸ் வரும் ஊர். அவர் ஓட்டும் இயந்திரத்தின் பூர்வீகம் அது. எனக்கு அங்கே இடம் கிடைத்ததைச் சொன்னபோது, நம்ம மெஷின் ஊருதான், ஒண்ணும் கவலை இல்லை என்றார். அடுத்ததாகக் கேட்டது, பர்மனென்ட்டா கான்ட்ராக்ட்டா என்று. நெய்வேலியில் மனிதர்களை முதலில் இப்படித்தான் பிரிப்பார்கள். மற்ற விவரங்களைப் பிறகு விசாரித்துக்கொள்வார்கள். சில வருடங்களுக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தம் என்றேன். அப்பா முகம் தொங்கிவிட்டது. சொந்தக்காரர்களிடம் மகள் விஞ்ஞானி என்று சொன்னார். கான்ட்ராக்ட் லேபர் என்பதை மறைத்துவிட்டார்.

மகளை நான் நெய்வேலியில் விட்டபோது அவளுக்குப் பத்து மாதம். கணவருக்கு வேலை வேறொரு நகரத்தில். குழந்தைகள் காப்பகத்தில் நீண்ட வரிசை. கர்ப்பம் என்று தெரிந்த வாரமே பெயரைப் பதிந்திருக்க வேண்டுமாம். அந்த வாரம் நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். ஈக்களோ யாருக்காகவும் காத்திருக்காது. ராப்பகலாக சில மணி நேரத்துக்கு ஒரு தரம் போய் ஒரு குப்பி ஈயை எடுத்து உறைய வைக்க வேண்டும். ஒரு வேளை தவறினால் மொத்தமும் குப்பை. தோளில் குழந்தையும் கையில் குப்பியுமாக ஒரு குளிர்காலத்தை ஓட்டினேன். கடைசியில் அம்மாதான் போனில் சொன்னாள், இங்கே கொண்டுவந்து விடு, இரண்டு பேர் இருக்கிறோம், இரண்டு ஷிப்டை இடிக்காமல் போட்டுக்கொள்கிறோம் என்று.

பிளாக்கில் இருந்த பெண்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: எப்படி மனசு வந்தது? கூட வந்திருந்த என் கணவரிடம், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்கள். மனசு வரவில்லை, வேறு வழி தெரியவில்லை, அதனால் விடுகிறேன் என்று முதல் இரண்டு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். மூன்றாவது ஆளிடம், குளிர் ரொம்ப அதிகம் என்று சொல்லிவிட்டேன். அவள் புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.

ஷிப்ட் வேலையில் ஒரு சட்டம் உண்டு. நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக எழுந்து வந்துவிட முடியாது. உங்கள் இடத்துக்கு வரவேண்டிய ஆள், அதாவது ரிலீவர், வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் வராவிட்டால் அடுத்த ஷிப்டையும் நீங்களே பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் டபுள். ஓடுகிற இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது, வார்டையும் விட்டுவிட்டு வர முடியாது. என் பெற்றோர் கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான் வாழ்ந்தார்கள். குழந்தையையும் அதே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கைமாற்றும் இடம் எங்கள் பிளாக்கின் பஸ் ஸ்டாப். சுரங்கத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் அப்பா ஹெல்மெட்டும் மண் படிந்த பூட்ஸுமாக இறங்குவார். அம்மா யூனிஃபார்மில், ஸ்கூட்டரைச் சாய்த்து நிறுத்திவிட்டு, குழந்தையோடு நின்றிருப்பாள். நர்ஸுகள் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலவரத்தைச் சொல்லி ஒப்படைப்பதை ஓவர் கொடுப்பது என்பார்கள். அம்மா அந்த ஸ்டாப்பில் நின்று அப்பாவுக்கு ஓவர் கொடுப்பாள்: இரண்டு இட்லி, பால் பாதி டம்ளர், மோஷன் ஒரு தடவை, மூக்கு லேசாக ஒழுகுகிறது, ஜுரம் இல்லை. அப்பா கொடுக்கும் ஓவர் சின்னது. "ஓடிக்கினு இருக்குது. சத்தம் ஒண்ணும் இல்ல." இயந்திரத்தைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்வார்.

இரண்டு பேருடைய நேரமும் இடித்தால் எதிர் வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். அவளுக்கு வடலூர் பக்கத்து கிராமம், வீட்டுக்காரர் மைன்ஸில் வேலை. ஆக, என் மகளுக்கு மூன்று ரிலீவர்கள். நான் இன்னொரு வகை. போனில் வருவேன், முத்தம் கேட்பேன், நெட் போனதும் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பேன். என் பெயர் போன் அம்மா.

வாரம் ஒரு ஷிப்ட் மாறும் வீட்டில் வளரும் குழந்தை சரியாகத் தூங்காது, எரிச்சலோடு இருக்கும் என்று என் படிப்பு சொல்கிறது. அவள் கொழுகொழுவென்று இருந்தாள். வீட்டில் யார் எப்போது படுத்தாலும் பக்கத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிடுவாளாம். என் படிப்பைப் பற்றி அம்மாவிடம் நான் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை.

அவளுக்கு மூன்று வயது நெருங்கும்போது காப்பகத்தில் இடம் கிடைத்தது. கணவரும் என் ஊருக்கே வேலையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மகளை அழைத்துவர லீவ் போட்டேன். நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்து போக முடிந்திருந்தது. அப்போது அவளுக்குப் பேச்சு வரவில்லை. கிளம்புவதற்கு முன்பு எனக்குச் சரியான சாப்பாடு இல்லை. என்னைப் போலவே குழந்தையை ஊரில் விட்ட பெண்கள் அங்கே இன்னும் சிலர் உண்டு. ஒருத்தியின் மகன் அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டானாம். இன்னொருத்தியின் மகள் ஒரு மாதம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாளாம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் என்னை அம்மா என்று ஏற்றுக்கொண்டு என்னோடு வர வேண்டும். பிடுங்கிக்கொண்டு வரக்கூடாது. இதற்காகக் குழந்தை மனம் பற்றிய கட்டுரைகளையெல்லாம் படித்து, முதல் நாளே தொடக்கூடாது, தூரத்தில் உட்கார வேண்டும், கண்ணைப் பார்க்கக்கூடாது என்று திட்டம் போட்டிருந்தேன்.

சென்னையில் இறங்கி, கார் பிடித்து, காலையில் நெய்வேலிக்குள் நுழைந்தேன். எங்கள் பிளாக் ஸ்டாப்பில் அம்மா நின்றிருந்தாள். யூனிஃபார்ம், ஸ்கூட்டர், இடுப்பில் என் மகள். காரை நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்தேன். அப்பாவின் ரிலீவர் வரவில்லை, அப்பாவுக்கு டபுள், அக்கா ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள், எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். "நல்ல வேளை வந்த. புடி" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள். ஒரு தோசை, பால் முழு டம்ளர், மோஷன் இன்னும் போகவில்லை. ஓவர் முடிந்தது. ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் அவள் கத்தலுக்குத் தயாரானேன். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "போன் அம்மா" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி டிரைவருக்கு வீட்டுக்கு வழி சொன்னாள்.

அன்று அவள் என் கையால் சாப்பிட்டாள், என் கையால் குளித்தாள், நான் கொண்டுவந்திருந்த மர ரயிலை ஓட்டினாள், என் மடியிலேயே தூங்கினாள். அவள் தூங்கும்போது கணவருக்குப் போன் செய்தேன். ரத்த பாசம் என்றெல்லாம் சொன்னேன். ஒரு விஞ்ஞானி சொல்லக்கூடாத இன்னும் சில வார்த்தைகளையும் சொன்னேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. படித்த கட்டுரைகளை எழுதியவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது.

மதியத்துக்கு மேல் அவள் எழுந்து, தானே செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய் நின்றாள். எங்கே என்று கேட்டேன். "ஸ்டாப்புக்கு. உன் ரிலீவர் வந்துகினு இருப்பாங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். பஸ் வந்தது. அப்பா இரண்டு ஷிப்ட் பார்த்த முகத்தோடு இறங்கினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன்; மகள் குறுக்கே வந்து, முதலில் ஓவர் கொடு என்றாள். ஆகவே இத்தனை நாள் கழித்துப் பார்க்கும் அப்பாவிடம், சாதம் ஒரு கிண்ணம், தூக்கம் நன்றாக, மோஷன் ஒரு தடவை என்று நின்ற இடத்தில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கை காட்டினாள்.

"டாட்டா. போய்த் தூங்கு" என்றாள்.

இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். நானும் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதால் பின்னால் நடந்தேன்.

எதிர் வீட்டு அக்கா கல்யாணத்திலிருந்து திரும்பியதும் இதை அவளிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "அது யாரு கூப்டாலும் போவும் பாப்பா. நேரத்துக்கு ஆளு மாறுனா போதும் அதுக்கு. அடுத்த ஆளு வராம இருந்தாதான் வூட்டுக்கும் ஸ்டாப்புக்கும் நடந்துகினே கெடக்கும்" என்றாள். அவள் இதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் புரிந்தது வேறு. நான் அம்மாவாக ஏற்கப்படவில்லை. நாலாவது ரிலீவராக டியூட்டியில் சேர்க்கப்பட்டிருக்கிறேன். இன்னும் சில வாரங்களில் அவளை ஏழு கடல் தாண்டிக் கொண்டுபோவேன். அங்கே ஒரு நாள் மதியம் செருப்பைப் போட்டுக்கொண்டு கதவருகில் நிற்பாள். பஸ் வராது.

அம்மாவிடம் கேட்டேன். எதையும் சொல்லாதே, கூட்டிக்கொண்டு போ, பத்து நாள் அழும், பிறகு மறந்துவிடும் என்றாள். ஊசி போடப்போகிறோம் என்று சொல்லிவிட்டா போடுகிறோம் என்றும் கேட்டாள். அம்மா வாழ்க்கையில் ஊசி போட்டே பழகியவள். அப்பா வேறு யோசனை சொன்னார். அவர் ரிட்டயர் ஆகும்வரை குழந்தை இங்கேயே இருக்கட்டும். அதற்குப் பிறகு அவரே கொண்டுவந்து விடுவார். அதற்குள் நானும் பர்மனென்ட் ஆகிவிடுவேன் அல்லவா? இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அவள் ரயிலுக்கு ஒரு சக்கரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குக் காரணம், அது நல்ல யோசனையாக இருந்ததுதான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் வருடம் அது. குழந்தை இல்லாமல் போனால் ஆய்வகத்தில் இரட்டிப்பாக வேலை செய்யலாம். அவளும் இங்கே குறையில்லாமல் இருப்பாள். ஒரு சாயங்காலம் முழுக்க இதை மனதில் போட்டு உருட்டினேன். பிறகு முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் எனக்கு வேண்டும். காரணம் கேட்டால் அவ்வளவுதான் காரணம்.

அப்புறம் என் புத்தி எனக்குத் தெரிந்த வழியில் வேலை செய்தது. ஈயின் கடிகாரம் உள்ளே இருக்கிறதா, வெளியே வெயிலைப் பார்த்து ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமானால், வெளிச்சத்தை அணைத்துவிட்டுப் பார்ப்போம். இங்கே ரிலீவரை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாரும் என்னை வந்து மாற்றக்கூடாது. அப்போது அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்துவிடும். அம்மா மதியம் டியூட்டிக்குப் போகும்போது குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்பா பஸ்ஸில் எங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் அடுத்த பிளாக்குக்குப் போய், நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வர வேண்டும். அக்கா வெளியே தலைகாட்டக்கூடாது. அம்மா இதை ஒரு பைத்தியத்தின் மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டாள். அப்பா ஒத்துக்கொண்டார். பெண் படித்தவள் என்ற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

அன்று மதியம் அவள் வழக்கம்போல செருப்பைப் போட்டாள். ஸ்டாப்புக்குப் போனோம். பலா மரத்து நிழலில் நின்றோம். பஸ் வந்து நின்றது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் ஒவ்வொரு பூட்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்புறம் அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

அப்பா ஜன்னலோரம்தான் இருந்தார். மறுபக்கத்து ஸீட்டில் உட்காருங்கள் என்று நான் சொல்லத் தவறிவிட்டேன். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு, கழுத்துப் பிடித்துக்கொண்டவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் "தாத்தா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அவர் திரும்பவில்லை. பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"தாத்தா எறங்கல" என்று என்னிடம் சொன்னாள்.

நான் பதில் சொல்லவில்லை. சோதனையின் நடுவில் பேசக்கூடாது. அவள் பஸ் போன திசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தனக்குத்தானே, தாத்தாவுக்கு டபுள் என்று சொல்லிக்கொண்டாள். என்னை நிமிர்ந்து பார்த்து, அப்படியானால் உனக்கும் டபுள் என்றாள். என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அழவில்லை. சாப்பிட்டாள். வீட்டுக்கும் கேட்டுக்குமாக நடந்தாள். முடிவு எனக்குச் சாதகம்தான். ரிலீவர் வராவிட்டாலும் குழந்தை என்னோடு இருக்கிறது. ஆனால் அந்த முடிவை வைத்துக்கொண்டு நான் சமையலறையில் நின்று அழுதேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். அவள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டு, டபுள் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றார். அவளைத் தூக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னிடம் குரல் மாறிப் பேசியது அன்று ஒரு தடவைதான்.

"கொழந்த கூப்புடுது, காது கேக்காத மாதிரி உக்காந்துகினு இருந்தேன். இனிமே உன் ஈய வச்சிப் பண்ணும்மா. எங்கள வச்சிப் பண்ணாத."

அவர் எழுந்து குளிக்கப் போனார். தண்ணீர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவளுக்குத் தலை சீவும்போது நேராகச் சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஃப்ளைட்டில் போகப்போகிறோம். அங்கே உன் அப்பா இருக்கிறார். தாத்தாவும் சிஸ்டரும் அங்கே வர மாட்டார்கள். எப்போதாவது பார்க்க வருவார்கள், நாமும் வருவோம். அங்கே நீ தினமும் ஸ்கூலுக்குப் போவாய், ஆனாலும் நான்தான். எப்போதும் நான்தான். அவள் ரயிலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"உன் ரிலீவர் யாரு?"

"எனக்கு ரிலீவர் கெடையாது."

"ஆஃப் எப்போ?"

"ஆஃபும் கெடையாது."

அவள் ரயிலை நிறுத்திவிட்டு என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். பாவம் என்றாள். பின்னல் பாதியில் இருக்கும்போதே எழுந்து அக்கா வீட்டுக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் போன் அம்மாவுக்கு ஆஃபே கிடையாதாம் என்ற செய்தி பிளாக் முழுவதும் பரவிவிட்டது. மூன்று வீடு தள்ளி இருக்கும் யூனியன்காரர் என்னை நிறுத்தி, ஜெர்மனியில் தொழிலாளர் சட்டம் அவ்வளவு மோசமா என்று விசாரித்தார். நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த நாட்களில் அவள் மதியம் செருப்பு போடுவதை நிறுத்தவில்லை. நானும் அவளோடு போனேன். அப்பா இறங்கினால் நான் ஓவர் கொடுப்பேன், ஷிப்டுக்கு ஏறினால் அவர் கொடுப்பார். போகும் நாளைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. கார் மதியத்துக்கு மேல். அப்பாவுக்கு அந்த வாரம் மதியம் ஏறும் செகண்ட் ஷிப்ட். லீவ் போடுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். லீவ் போட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டார். அம்மா எங்களோடு சென்னை வரை வருவதாக ஏற்பாடு. அவள் வீட்டில் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நானும் மகளும் அப்பாவோடு ஸ்டாப்புக்குப் போனோம்.

அப்பா அவளை இறக்கி என் பக்கம் நிறுத்தினார். வழக்கமான ஓவர் வரும் என்று நின்றேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ரசத்த சாதத்து மேல ஊத்தக்கூடாது, பக்கத்துல ஊத்தணும். தூங்கறப்ப ஒரு காலு நம்ம மேல பட்டுக்கினு இருக்கணும், எடுத்துட்டா முழிச்சிக்கும். இடிக்கு பயம் இல்ல, மிக்ஸிக்குத்தான் பயம். பயந்தாலும் அழாது. காது மடலப் புடிச்சிக்கினு சும்மா நிக்கும், நம்மதான் பாத்துக்கணும். சளி புடிச்சா மூக்க நம்ம சட்டைல தேய்க்கும், அடிக்காத. செருப்ப எடது வலது மாத்திப் போடும், போட்டப்புறம்தான் சொல்லணும், போடறப்ப சொன்னா கோவம் வரும்…"

பஸ் வந்து நின்றது. அவர் நிறுத்தவில்லை. தலையில் எண்ணெய் வைத்தால் எப்படித் தேய்க்க வேண்டும், மாத்திரையை எதில் கரைக்க வேண்டும், பொய்த் தூக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது. இவ்வளவு வார்த்தைகள் அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. டிரைவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். பிறகு அவரும் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார். அப்பா ஓவரைச் சொல்லி முடித்தார். ஆனால் பஸ்ஸில் ஏறவில்லை. ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மகள் அவர் பேன்ட்டை இழுத்தாள்.

"தாத்தா, ரிலீவர் வந்துட்டாங்க. நீ போ."

அவர் போனார். படியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்த முறை எங்களையே பார்த்துக்கொண்டு போனார். பஸ் திரும்பி மறைந்தது. அவள் அழவில்லை. எல்லோரும் பயந்துகொண்டிருந்த அழுகை வரவே இல்லை. எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. சமர்த்து என்று சொல்லப்போனேன். அப்போதுதான் பார்த்தேன். அவள் பஸ் போன பக்கமே பார்த்தபடி, காது மடலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். ம் என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றேன். அது உண்மை. அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு காலியாக இருந்த இன்னொரு கையை நீட்டி, என் காது மடலைப் பிடித்துக்கொண்டாள்.